தனலெட்சுமியின் வெண்டைக்காய்

கூடையை மூடுவதற்கு முன் அதிலிருந்து ஒரு வெண்டைக்காயை எடுத்து, சட்டை ஓரத்தில் துடைத்து, பச்சையாகக் கடித்துத் தின்றுவிடுவாள் தனலெட்சுமி. ஒவ்வொரு கூடைக்கும் ஒன்று. சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் உலு திராமுக்கு வெளியே, மின்கம்பிகளுக்குக் கீழே நிலம் பிடித்துப் பயிர் வைத்த நாளிலிருந்து இப்படித்தான். "நாம திங்கப் பயப்படுற காய ஊரான் புள்ளைக்கு எப்படிக் குடுக்கிறது?" என்பாள். அதற்கு மேல் விளக்கம் வராது.

வெண்டைச் சுணை அரிக்கும் என்று, பாசிர் கூடாங் தொழிற்சாலையில் கணவர் போட்டிருந்த நீலச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு அணிந்திருப்பாள். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சட்டைகள் இன்னும் உழைக்கின்றன. மருந்து அடித்தால் அதன் வீரியம் இறங்கும்வரை காயை விற்க மாட்டாள். வெண்டை யாருக்காகவும் காத்திருக்காது, இரண்டு நாள் விட்டால் நாராகிவிடும். அப்படி முற்றியதையெல்லாம் ஒடித்து, பாத்தி ஓரம் குழி வெட்டிப் புதைப்பாள். வேலிக்கு அந்தப் பக்கம் வெண்டை போட்டிருக்கும் மணியத்துக்கு அது வேடிக்கை. "அக்கா காசுக்குக் கருமாதி பண்றாங்க" என்று லாரிக்காரனிடம் சொல்லிச் சிரிப்பான். "ஒங்கிட்ட எள்ளு கேட்டனா?" என்று இவள் நிமிராமலே கேட்பாள்.

காய் வாங்கும் கம்பெனி பிளாக்செயின் கொண்டுவந்தபோது, கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். லோஷினி என்ற கம்பெனிப் பெண் பொறுமையாக விளக்கினாள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனி ஸ்டிக்கர். விதை போட்டது, மருந்து அடித்தது, பறித்தது எல்லாவற்றையும் ஃபோனில் பதிய வேண்டும். பதிந்தது ஒரே நேரத்தில் பல கணினிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். சிங்கப்பூரில் வாங்குகிறவர் ஸ்டிக்கருக்கு நேரே ஃபோனைக் காட்டினால், பயிரிட்டவரின் முகம் முதற்கொண்டு வரும். "ஒரு தடவ ஏறிட்டா யாராலயும் அழிக்க முடியாது ஆன்ட்டி. எங்க பாஸ் நெனச்சாலும் முடியாது லா."

தனலெட்சுமிக்கு அது பிடித்துப்போனது. அத்தனை காலமும் அவள் காய், கண்ட காயோடும் கலந்து பெயரில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கடிப்பதை எந்த இடத்தில் பதிவது என்று மட்டும் கேட்டாள். அதற்கு ஃபோனில் இடமில்லை என்று லோஷினி சிரித்தாள். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் ரூபினி ஒருநாள் கடையில் நின்றபடியே அழைத்தாள்: "ம்மா, உங்க மூஞ்சி வருது. அந்த நீலச் சட்டையோட." அன்று தனலெட்சுமி தானாகவே வேலியோரம் போய் மணியத்திடம் அதைச் சொன்னாள்.

மணியத்தின் ஃபோன் வாய்க்காலில் விழுந்தது அதற்குப் பிறகுதான். ஃபோனில்லாமல் அவன் ஸ்டிக்கர் வேலை செய்யாது. லாரியோ எஞ்சினை அணைக்காமல் நின்றது. இன்றைக்கு மட்டும் உங்கள் ஸ்டிக்கர் சுருளில் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டான். மண்வெட்டி கேட்டால் கொடுப்பதுபோல, உப்பு கேட்டால் கொடுப்பதுபோல, அவள் கிழித்துக் கொடுத்தாள். அவன் கூடையிலிருந்து ஒரு காயைக் கடித்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

சிங்கப்பூர் சோதனையில் அந்தக் கூடைகளில் பூச்சிமருந்து அளவு மீறியிருந்தது. தனலெட்சுமியின் முகத்துக்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்தது. மறுநாள் லாரி அவள் படலில் நிற்காமல் போனது.

லோஷினி நேரில் வந்தாள். நடந்ததைக் கேட்டு நம்பவும் செய்தாள். ஆனால் ஏறியதை அழிக்க வழியில்லை. கீழே திருத்தமாக ஒரு வரி சேர்க்கலாம், அதற்கு மணியம் அது தன் காய்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்றாள்.

மணியம் வேலியோரம் வந்து பிடரியைச் சொறிந்தான்.

"நான் சொன்னா எனக்கும் செவப்பு விழும் அக்கா. ஸ்டிக்கர் குடுத்ததுக்கு உங்களையும் தூக்கிடுவாங்க. ரெண்டு பேரும் காலி. நான் பச்சையாவே இருந்துட்டுப் போறேன், உங்க காயும் என் ஸ்டிக்கர்ல போவட்டும். நான் என்ன வெளி ஆளா?"

"நீ அடிச்ச மருந்துக்கு என் மூஞ்சி. நான் வளத்த காய்க்கு ஒன் மூஞ்சி," என்றாள் தனலெட்சுமி. "நல்லா இருடா."

சில நாள் பிடிவாதமாக இருந்தாள். காய்கள் செடியிலேயே முற்றின. பாத்தி ஓரம் குழிக்குமேல் குழியாக வெட்டினாள். மணியம் இப்போது சிரிக்கவில்லை. கடையில் உங்கள் முகத்தைக் காணோமே என்று ரூபினி கேட்டதற்கு, காய் வேறு கடைக்குப் போகிறது என்று சொல்லி வைத்தாள். பிறகு ஒரு காலையில் வேலியோரம் போய்க் கையை நீட்டினாள். அவன் தன் ஸ்டிக்கரைக் கிழித்துக் கொடுத்தான்.

இன்று தனலெட்சுமியின் வெண்டைக்காய் மணியத்தின் முகத்தோடு சிங்கப்பூர் போகிறது. விலையில் அவன் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறான். சிவப்புக் கோடு அப்படியே இருக்கிறது. கூடையை நிரப்பி, ஒன்றைக் கடித்துத் தின்றுவிட்டு, அவன் ஸ்டிக்கரை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கிறாள். பக்கத்திலேயே அவன் கூடைகளும் லாரிக்குக் காத்து நிற்கின்றன. அவற்றில் அவள் கை வைப்பதில்லை.