விழுங்கப்பட்ட இருபத்துநான்கு

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு இரட்டைக்கோடு என்று பெயர். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவோம். அவளும் "என்ன?" என்று திரும்புவாள். ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல். அவள் "முடியாது" என்று சொன்னால் பக்கத்து அறையில் தட்டச்சு நின்றுவிடும்.

ஆற்றில் வெள்ளம் வருமா என்று முன்கூட்டிக் கணக்கிட்டுச் சொல்வதுதான் எங்கள் வேலை. ஆற்றில் வந்து சேரும் ஓடைகள் பதினாறு. ஒவ்வொன்றிலும் எவ்வளவு தண்ணீர் வரும் என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டு, கடைசியில் கூட்டவேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் கணக்கு முடிவதற்குள் வெள்ளமே வந்துவிடும். அதனால் பதினாறு ப்ராசஸர்கள் ஒரே நேரத்தில் வேலை பார்க்கும்படி அவள் புரோகிராம் எழுதியிருந்தாள். ஃபங்க்ஷனல் முறை என்பார்கள். கையில் கொடுத்ததை மட்டும் வைத்துக் கணக்குப் போடு, அடுத்தவன் பொருளைத் தொடாதே, நடுவழியில் எதையும் மாற்றாதே. அந்த முறை அவ்வளவுதான். அவளுடைய சுபாவமும் ஏறக்குறைய அதுதான்.

அதை ஓட்டுகிறவர்கள் மதகுகளில் இருப்பவர்கள். புரோகிராமின் பெயரைத் தட்டிவிட்டு, எப்படி ஓடவேண்டும் என்று சொல்லும் ஆப்ஷன்களையும் அதே வரியில் தட்டவேண்டும். இங்கேதான் ஒரு சங்கடம். வேலையைப் ப்ராசஸர்களுக்குப் பங்குபோட்டுக் கொடுக்க ரன்டைம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் ஆப்ஷன் உண்டு, புரோகிராமுக்கும் உண்டு. ரன்டைம் வாசலிலேயே நிற்கும். தனக்குத் தெரிந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் உள்ளே விடும். 'ஹெச்' என்ற எழுத்துக்கு அதன் அகராதியில் மெமரி அளவு என்று அர்த்தம். புரோகிராமிலோ, எத்தனை மணி நேரத்துக்குக் கணக்கிடுவது என்று அர்த்தம். எழுத்தை மாற்றிவிடலாமே என்று கேட்டால், நாளைக்கு ரன்டைம் இன்னொரு எழுத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பாள். அதனால் நடுவில் இரண்டு சின்னக் கோடு போடச் சொன்னாள். கோட்டுக்கு முன்னால் இருப்பது ரன்டைமுக்கு, பின்னால் இருப்பது புரோகிராமுக்கு. பட்டப்பெயர் வந்த வழி இதுதான்.

இன்னொன்றும் செய்திருந்தாள். கணக்கு முடிந்து திரையில் ஆற்றின் வரைபடம் வரும்போது, 'இது இத்தனை மணி நேரத்துக்கான கணக்கு' என்று உச்சியில் ஒரு வரி வரும்.

புதிதாக வந்த மேலாளருக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. எல்லாம் பளிச்சென்று இருக்கவேண்டும் அவருக்கு.

"மதகுல நிக்கிறவங்களுக்கு இந்தக் கோடெல்லாம் எதுக்கும்மா? எடுத்துடுங்க. படத்து மேல அந்த வரியும் அசிங்கமா இருக்கு."

"கோட்டை எடுத்தா ஹெச்சை ரன்டைம் விழுங்கிடும் சார். எத்தனை மணி நேரம்னு எனக்கு வந்து சேராது. ஒண்ணும் சொல்லலைன்னா ஆறு மணி நேரம்னு எடுத்துக்கிறது புரோகிராமோட வழக்கம்."

"அதெல்லாம் நடக்கறப்ப பாத்துக்கலாம்."

"நடந்தப்புறம் பாக்க என்ன சார் இருக்கு? நான் எடுக்க மாட்டேன்."

அக்காவுக்கு அறுவை சிகிச்சை என்று அவள் விடுப்பில் போனாள். திரும்பி வந்தபோது கோடும் இல்லை, வரியும் இல்லை. ஒப்பந்தத்தில் வந்த ஒருவரை வைத்து மேலாளர் காரியத்தை முடித்து, இனிமேல் கோடு போடவேண்டாம் என்று மதகுகளுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் அவர் அறைக்குள் போய்ப் போட்ட சத்தம் எங்கள் காதுக்கெல்லாம் விருந்து. மறுநாளே கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். மழைமானிகளின் பேட்டரியைச் சோதித்துப் பார்க்கும் வேலை.

மழைக்காலம் வந்தது. பெரிய மதகில் இருந்தவர் நல்ல அனுபவசாலி. காலையில் மேகம் கறுத்ததும் புரோகிராமை ஓட்டினார். கோடு இல்லாமல் ஹெச், பக்கத்தில் இருபத்துநான்கு. ரன்டைம் அதை மெமரி என்று வாங்கிப் போட்டுக்கொண்டது. புரோகிராம் ஆறு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டு, பயமில்லை என்று படம் காட்டியது. ஒரு நாள் முழுக்கப் பயமில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். மதகைத் திறக்கவில்லை. சாயங்காலம் தண்ணீர் கரையைத் தாண்டிக் கடைத்தெருவுக்குள் இடுப்பளவுக்குப் புகுந்தது. உயிர் எதுவும் போகவில்லை. தையல் மெஷின்கள், மாவு மூட்டைகள், ஓர் அச்சகம், எல்லாம் போயிற்று. மதகுக்காரரை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் மேலாளரே கீழே இறங்கி வந்தார். பேட்டரிகளுக்கு நடுவில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே பேசினார்.

"நீங்க எழுதின புரோகிராம். நீங்க சொன்னா எடுபடும். அவர் தப்பா தட்டிட்டார்னு ஒரு வார்த்தை போதும். அடுத்த வாரமே மேல வந்துடுங்க."

"அவர் சரியாத்தான் சார் தட்டினார்."

"சரி, பதினாறு ப்ராசஸரும் ஒண்ணுக்கொண்ணு குழம்பிடுச்சுன்னு வச்சுக்கலாமே. யாருக்குப் புரியப்போகுது?"

"எனக்குப் புரியுதே."

அவள் கணவர் பஸ் ஓட்டுகிறவர். வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார்.

"பிரேக் சரியில்லைன்னு நீ சொல்லியும் கேக்காம வண்டியை அனுப்பிட்டு, ஓட்டினவன் தூங்கிட்டான்னு சொல்லச் சொல்றாங்க. அதானே?"

"அதேதான்."

"அப்புறம் என்ன யோசனை?"

"வேலை போயிடுச்சுன்னா?"

"போனா போகட்டும்னு வீரமா சொல்ல எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. பல்லைக் கடிச்சுக்கிட்டாவது சமாளிப்போம், போ."

மறுநாள் நாங்கள் எல்லோரும் கூடியிருந்த கூட்ட அறையில் தலைமைப் பொறியாளர் அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். சுவரோரம் மதகுக்காரர், கைகளை முழங்காலுக்கு நடுவில் ஒடுக்கிக்கொண்டு. தட்டினது தப்பு, இல்லாவிட்டால் ப்ராசஸர்கள் குழம்பியிருக்கும் என்று மேலாளர் பேசி முடித்ததும் எல்லோரும் இவளைப் பார்த்தார்கள். இவள் கம்ப்யூட்டரை இழுத்து மதகுக்காரர் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, அன்னைக்கு என்ன தட்டினீங்களோ அதையே தட்டுங்க. மழைக்கணக்கும் அன்னைக்கு வந்ததுதான் போட்டிருக்கேன்."

அவர் தட்டினார். திரையில் ஆறு அமைதியாக, நீலமாக ஓடியது. அவள் குனிந்து அதே வரியின் நடுவில் இரண்டு கோட்டைச் சேர்த்தாள். இந்தத் தடவை கடைத்தெரு முழுக்கச் சிவப்பாக வந்தது. அறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"பதினாறு பேரும் சரியாத்தான் கணக்குப் போட்டாங்க," என்றாள். "ஒருத்தரும் குழம்பலை. இவர் ஒரு நாளுக்குக் கேட்டார். நாம வாசல்லயே அதை விழுங்கிட்டு, ஆறு மணி நேரத்துக்கு மட்டும் பதில் சொல்லிட்டு, அதையும் சொல்லாம மறைச்சோம். கோட்டை எடுக்காதீங்கன்னு நான் சொன்னேன். எடுக்கச் சொன்னவர் இதோ உக்காந்திருக்கார்."

"மரியாதையாப் பேசுங்க!" என்று மேலாளர் எழுந்தார்.

"சார்னுதான் சார் சொல்லிட்டு இருக்கேன்."

தலைமைப் பொறியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன்.

மதகுக்காரர் வேலைக்குத் திரும்பினார். மேலாளருக்குக் கண்டிப்போடு சரி, நாற்காலி அசையவில்லை. புரோகிராமைத் திருத்தும் வேலையை அவளிடமே கொடுத்தார்கள், கீழ்த்தளத்தில் இருந்தபடியே. கோடு திரும்பி வந்தது, வரியும் வந்தது. கூடவே அவள் இன்னொன்றும் சேர்த்தாள். எத்தனை மணி நேரம் என்று வந்து சேராவிட்டால் புரோகிராம் இனி தானாக எதையும் எடுத்துக்கொள்ளாது. 'சொல்லாமல் ஓடமாட்டேன்' என்று நின்றுவிடும். மேலாளர் முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது அது அவரிடம் அப்படியே சொன்னது. எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு மேலே இருந்து ஆள் வந்தது. கூட்டத்தில் பேசிய தோரணைக்கு வருத்தம் தெரிவித்தால் பழைய இடத்துக்கே வந்துவிடலாமாம்.

"சொன்னது தப்பில்லை, சொன்ன விதம்தான் தப்புன்னாங்க," என்று மத்தியானம் சாப்பிடும்போது என்னிடம் சொன்னாள்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு மேல வந்துடேன். அங்க காத்தாவது வரும்."

"இன்னைக்கு விதத்துக்கு வருத்தம் தெரிவிச்சா, நாளைக்கு விஷயத்துக்கே தெரிவிக்கச் சொல்வாங்க. எனக்கு ஒரு மின்விசிறி மட்டும் வாங்கிக் கொடுக்கச் சொல்லு."

மின்விசிறியை அவர்கள் வாங்கிக் கொடுக்கவில்லை. அவளே வாங்கி வைத்துக்கொண்டாள். இன்றைக்கும் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறாள். புரோகிராமில் ஏதாவது சந்தேகம் என்றால் நாங்கள்தான் படியிறங்கிப் போகிறோம்.