தூண்தலையில் கிளி

அன்று பட்டறையில் இருந்தவர்கள்: முதலாளி, லெபனான்காரர், கையில் கோப்பிக் குவளை. பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து கல் பார்க்க வந்த முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், காத்தான்குடிப் பக்கம். என்னோடு வேலை செய்யும் பையன், தம்பி என்பேன், திருநெல்வேலிக்காரன். பிறகு நான்.

பட்டறை, நான் புலம்பெயர்ந்து வந்த லிட்கம் பகுதியில். நாலு வருடமாக அங்கே வீடுகளில் சமைக்கிற குசினி மேசைக்குக் கல் வெட்டினேன். உளி தொட்டதில்லை. நான் ஊரில் கோயில் சிற்ப வேலை செய்தவன் என்று தம்பிதான் முதலாளியிடம் சொல்லிவிட்டான். பள்ளிவாசல் முகப்புக்கு எட்டுத் தூண். அதில் நாலு தூண்தலையை முதலாளி என்னிடம் தந்தார். நானாவுக்குப் பிடித்தால் மற்ற நாலும் எனக்கு. பிடிக்காவிட்டால் திரும்பவும் குசினிக் கல்.

மாதிரிக்குப் படம் தந்தார்கள். சிரியாப் பக்கத்துத் தூண்கள், இஸ்லாம் தொடங்கின காலத்தவை. இலை, கொடி, திராட்சைக் குலை. ஆள் இல்லை, மிருகம் இல்லை. இலைக்கு இலை நடுவே ஆழமாகத் துளைத்து நிழல் விழ வைத்திருந்தார்கள். நல்ல வேலை. பார்த்ததும் கை துருதுருத்தது.

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், செதுக்கினேன்.

நானா முதல் கல்லைச் சுற்றி வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் சுற்றினார்.

“வேலை சோக்கா இருக்கு வாப்பா,” என்றார். பிறகு ஒரு கொடியின் நுனியில் விரலை வைத்தார். “இது என்ன?”

“இலை.”

“இலைக்குக் கண் இருக்கா?”

குனிந்து பார்த்தேன். நுனி வளைந்திருந்தது. அதில் ஒரு சின்னத் துளை. கோயிலில் கொடி செதுக்கினால் நுனியில் கிளி வைப்போம். இருபது வருடப் பழக்கம். நான் படத்தைப் பார்த்துத்தான் செதுக்கினேன். கை பார்க்கவில்லை.

தம்பியும் குனிந்தான். “கிளியேதாண்ணே. மூக்கு நல்லா வந்திருக்கு.”

“வாயை மூடடா.”

“ஏண்ணே, நல்லாருக்குன்னுதானே சொன்னேன்.”

என்ன பிரச்சினை என்று முதலாளி ஆங்கிலத்தில் கேட்டார். ஒன்றுமில்லை, திராட்சை பழுத்துவிட்டது, பறவை வந்துவிட்டது என்றார் நானா. முதலாளி விளங்காமலே தலையாட்டினார்.

நான் நானா பக்கம் திரும்பினேன். “பிழைதான் நானா. வேணுமெண்டு வைக்கேல்லை.”

“தெரியும் வாப்பா. ஆனா தொழுற இடம். உசிருள்ளது கூடாது.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தக் காலத்திலயும் நம்ம பள்ளிக்கு இலை வெட்டினவன் முந்தி தேவாலயத்துக்கு வெட்டினவன்தானே. அவன்ட கையும் எங்கயாச்சும் வழுக்கித்தான் இருக்கும்.”

“அவனை என்ன பண்ணிருப்பாங்க?” தம்பி கேட்டான்.

“குசினிக் கல்லு வெட்ட விட்டிருப்பாங்க.”

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

நானா என் தோளில் தட்டினார். “முகத்தை நீட்டாத. இதைத் திராட்சைக் குலையா மாத்த ஏலுமா?”

“ஓம். வயித்தைக் குலையாக்கலாம். மூக்கு இலை நுனியாப் போகும்.”

“கண்?”

“அது பழத்துக்கு நடுவில போயிரும்.”

“அப்ப வெள்ளிக்கிழமைக்கு முதல் செய். ஒரு கிளியும் மிஞ்சக் கூடாது. மிஞ்சாட்டி மத்த நாலும் உனக்குத்தான்.”

“இது ஒண்டுதானே நானா. இண்டைக்கே முடிச்சிடுவன்.”

நானா அடுத்த கல்லுக்குப் போய்க் குனிந்தார். தம்பி வெண்கட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். நாலு கல்லையும் சுற்றி, கிளி கண்ட இடமெல்லாம் வட்டம் போட்டான். பிறகு வட்டங்களை எண்ணினேன்.

பதினேழு.