ராஜ்குமார் மெதுவாக ஓட்டிய நாள்

வேகத்துக்கு அளவே வைக்காவிட்டால் பைக் ஓட்டுகிறவர்கள் எவ்வளவு வேகம் போவார்கள் என்று பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் என்னிடம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை. முழங்காலுக்கு ஒரு கவசம், முழங்கைக்கு ஒரு கவசம், வண்டியோ யானைக்குட்டி கணக்காக. காவலூரில் என் ஒர்க்ஷாப்பில் செயினுக்கு எண்ணெய் விட நிறுத்தியிருந்தார். மலையேறி வந்த வழியில் ஒரு போர்டைக்கூடக் காணோமே என்றார். போர்டு இருந்தது. முப்பது என்று எழுதி நட்டிருந்தார்கள். போன மழையில் அது சாய்ந்ததும் யாரோ கொண்டுபோய்க் கோழிக்கூண்டுக்குக் கதவாக மாட்டிவிட்டார்கள். அந்தக் கோழிகள் இன்றுவரை முப்பதைத் தாண்டியதில்லை.

"அத ஓட்றவன்கிட்ட கேக்காதீங்க சார், பிரேக் ஷூவ கழட்டிப் பாருங்க" என்று மட்டும் அவருக்குச் சொன்னேன். வாய் பொய் சொல்லும், வேகத்துக்குத் தக்கபடி தேய்கிற பிரேக் ஷூ சொல்லாது. நான் படவேட்டுக்காரன், பெயர் இளவழகன். கரும்புக் கொல்லையை அண்ணன்களிடம் விட்டுவிட்டு இருபது வருஷமாக இந்த மலையில் ஸ்பேனர் பிடிக்கிறேன். நான் பார்த்த வரைக்கும், தனியாகப் போகிற பையன் எண்பதில் போவான். அவனே பின்னால் அம்மாவை ஏற்றினால் நாற்பது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்டாட்டியை ஏற்றினால் இருபது. போர்டு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், வேகத்தைத் தீர்மானிக்கிற ஆள் பின்சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். இதற்கு அடங்காத ஒருத்தனைத்தான் எனக்குத் தெரியும். ராஜ்குமார். தனியாகப் போனால் மாட்டுவண்டிக்கு வழிவிட்டுப் போவான். பின்னால் ஆள் ஏறினால்தான் அவன் வேகம் கூடும்.

காவலூருக்கு மேலே ஆறு கிலோமீட்டர் மண்பாதையில் பதினைந்து வீடுகள் உள்ள ஊர் அவனுடையது. கொஞ்சம் சாமை நிலம், நாலு புளியமரம். படிப்பு எட்டாவது. அவன் தம்பி ஒருநாள் பலாமரத்திலிருந்து விழுந்தான். ஆம்புலன்ஸ் தார்ரோடு வரைக்கும்தான் வரும் என்று தெரிந்ததும் தம்பியைத் துணித்தூளியில் போட்டு ஆறு கிலோமீட்டர் தூக்கி வந்தார்கள். ரோட்டைத் தொடுவதற்குள் உயிர் போய்விட்டது. தெரிந்தும் மனது கேட்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாவு எப்படி என்று எழுத வேண்டுமே, பிரேதப் பரிசோதனைக்குப் போய், இரண்டாம் நாள்தான் உடம்பு கைக்கு வந்தது. தாடையிலிருந்து வயிறு வரை தைத்திருந்த தையலைப் பார்த்து அவன் அம்மா மூர்ச்சையானாள். மறுமாசமே ராஜ்குமார் ஒரு பழைய பைக் வாங்கினான்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து ஊர்களில் யாருக்கு என்ன வந்தாலும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். நோயாளியை நடுவில் உட்கார வைத்து, ஒரு பழைய சேலையால் அவன் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். பின்னால் ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொள்வார். பிடிப்பதோடு அவர் வேலை முடியாது. நோயாளியின் மூக்குக்கு நேரே உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ராஜ்குமார் கேட்கும்போதெல்லாம் மூச்சு இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். இருக்கிறதென்றால் ஓட்டம். இல்லையென்றால் அந்த இடத்திலேயே வண்டியைத் திருப்பிவிடுவார்கள். செத்த பிறகு அறுத்துத் தைக்கக் கொடுப்பானேன் என்று. அதை நான் தப்பென்று சொன்னதில்லை. அந்தத் தையலை நானும் பார்த்தவன்.

அப்படிப் பதினேழு பேரைக் கொண்டுபோனான். பதினாலு பேர் இன்றைக்கும் சந்தைக்கு வந்துபோகிறார்கள். மூன்று பேரைப் பாதியில் திருப்பிக் கொண்டுவந்தான். மாதத்துக்கு ஒருமுறை பிரேக் ஷூ மாற்ற வருவான். தேய்ந்ததை என் கையில் வைத்து, "பாரு அண்ணா, இது அம்சவல்லி அக்காவோட பிரசவம்" என்பான். பெருமைதான், இல்லாமல் என்ன.

பதினெட்டாவது ஆள் அவன் பெண்டாட்டி ரேணுகாதேவி.

போன கார்த்திகை. சாமை அறுத்துக் களத்தில் குவித்திருந்தார்கள். பன்றி வருகிறதென்று ரேணுகாவும் அவள் அப்பா மாதையனும் களத்துக் குடிசையில் காவலுக்குப் படுத்திருந்தார்கள். விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று எழுந்தவளுக்குக் கண் இமை தூக்க முடியவில்லை. நாக்கு குழறியது. மாதையன் பாயை எடுத்து உதறினால் கட்டுவிரியன். வீட்டுக்கு ஓடிவந்து மருமகனை எழுப்பினார். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்தை ஏற்றிக்கொண்டு அப்போதுதான் திருப்பத்தூர் போயிருந்தது. சேலையை எடுத்துக் கட்டினார்கள். பின்னால் அணைத்து உட்கார மாதையனே ஏறிக்கொண்டார். பெற்ற அப்பனை அந்த இடத்தில் உட்கார வைத்திருக்கக் கூடாது. ஆனால் வேறு ஆளைத் தேட யாருக்குப் பொழுது இருந்தது?

ஏழு மணி இருக்கும். நான் ஷட்டரைத் தூக்கும்போது அவர்கள் என்னைக் கடந்தார்கள். யார் என்று முகம் தெரியவில்லை, ஹாரன் சத்தத்தை வைத்துத்தான் அவன் என்று தெரிந்தது. ஐயோ, பின்னால் யாரோ என்று நினைத்துக்கொண்டு டீ சொன்னேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அதே வண்டி மேலே ஏறி வந்தது. முதல் கியரில், மாடு மேய்த்துக்கொண்டு வருகிறவன் மாதிரி. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். அப்படி வந்தால் என்ன அர்த்தம் என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

என் வாசலில் நிறுத்தினான். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அவன் தோளில் ரேணுகாவின் தலை தொங்கியது.

"அண்ணா, வேட்டி எதுனா இருந்தா குடு. மூஞ்ச மூடணும்."

"இன்னாடா ஆச்சி? எது கடிச்சிது?"

"கட்டுவிரியன்" என்றார் மாதையன். "பாதி மல எறங்கலப்பா. கைய வெச்சிப் பாத்துகினே வந்தேன். போயிடுச்சி. நாந்தான் திருப்புன்னேன். எம் பொண்ண நான் முழுசா கொண்டும் போயி பொதைக்கணும்."

வேட்டி எடுக்க உள்ளே போனேன். கட்டுவிரியன் என்ற சொல் மட்டும் காதிலேயே நின்றது. எங்கள் படவேட்டில் கரும்பு வெட்ட வந்த ஒருவரைக் கட்டுவிரியன் கடித்து, பிணம் என்றே எல்லோரும் முடிவுகட்டிய பிறகு, யாரோ ஒரு புண்ணியவான் சண்டை போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மூச்சு கொடுக்கிற மெஷினில் வைத்தார்கள். மூன்றாம் நாள் எழுந்து கஞ்சி கேட்டார். அந்த விஷம் ஆளைக் கட்டிப்போட்டுவிடும், கண் திறக்காது, கை அசையாது, மூச்சு இருக்கிற இடமே தெரியாது என்று டாக்டர் சொன்னதாக ஊரே பேசியது. ஓடுகிற வண்டியில், கார்த்திகைக் குளிர்காற்றில், வெறும் கையை வைத்துப் பார்த்த இந்த மனுஷனுக்கு என்ன தெரிந்திருக்கும்?

வேட்டியை விட்டுவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த ஒரு பைக் கண்ணாடியை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தேன். அவள் மூக்கடியில் வைத்தேன். ஒன்றும் இல்லை. மாதையன் என் கையைத் தட்டிவிடப் பார்த்தார். பொறுங்க என்று அதட்டினேன். மறுபடி ஒன்றும் இல்லை. நானும் விட்டுவிடலாம் என்று நினைத்த நேரத்தில் கண்ணாடியில் ஒரு மங்கல் வந்தது. புளியங்கொட்டை அளவு. வந்து, மறைந்தது. திரும்பவும் வந்தது.

ராஜ்குமாரிடம் கண்ணாடியைக் காட்டினேன். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான், அது என்ன மொழி என்று தெரியாதவன்போல.

"உசுரு கீதுடா. எட்றா வண்டிய."

மாதையன் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். அவர் இடத்தில் நான் ஏறினேன். சாவியைத் திருப்பக்கூட அவனுக்குக் கை வரவில்லை. கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன். அதற்குப் பிறகுதான் வண்டி கிளம்பியது.

எவ்வளவு வேகம் என்று அந்தப் பெங்களூர்க்காரர் கேட்டாரே, எனக்குத் தெரியாது. அந்த வண்டியின் ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்து இரண்டு வருஷம், போடுகிறேன் போடுகிறேன் என்று நான்தான் தள்ளிக்கொண்டிருந்தேன். முள் பூஜ்யத்தில் நின்றது. வளைவுகளில் என் முழங்கால் தரையைத் தேய்த்துவிடும்போல இருந்தது. ஒரு வளைவில் மேலே ஏறி வந்த பஸ்ஸின் டிரைவர் எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பயம் என்றால் அதுதான் பயம். இறக்கிவிடு என்று கத்தத் தோன்றியது. என் வயதுக்கு அதைச் சொல்ல வெட்கமில்லை.

ஒவ்வொரு வளைவிலும் கேட்டான்.

"அண்ணா, மூச்சு கீதா?"

"கீது."

அது பொய். காற்று அடித்த அடியில் என் மூச்சே எனக்குத் தெரியவில்லை. அவள் மூக்கில் வைத்த கை மரத்துப் போயிருந்தது. அடுத்த வளைவில் கேட்டான், கீது என்றேன். அதற்கடுத்த வளைவிலும் கீது என்றேன். ஆலங்காயம் தாண்டி நேர்ரோடு வந்த பிறகு அவள் தலை என் பக்கம் கல்லாகச் சாய்ந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவள் மூக்கைப் பொத்தி வாயில் வாய்வைத்து, ஓடுகிற வண்டியிலேயே, தெரிந்த மட்டும் ஊதினேன். சரியோ தப்போ தெரியாது. அப்போதும் அவன் கேட்டான். வாயை எடுத்துக் கீது என்று கத்திவிட்டுத் திரும்ப ஊதினேன். மாதையனும் இப்படி ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் முக்கால் மணி நேரம் மிச்சமாகியிருக்கும். பாவம், அவர் உண்மை என்று நினைத்ததைச் சொன்னார்.

திருப்பத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். தொண்டையில் குழாய் வைத்தார்கள், மெஷின் போட்டார்கள். இன்னும் பத்து நிமிஷம் என்றால் எங்களுக்கு வேலை இருந்திருக்காது என்று டாக்டரம்மா சொன்னார். பிழைப்பாளா என்று நான் கேட்பதற்குள் அவர் திரும்ப உள்ளே போய்விட்டார்.

நான்கு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தோம். ராஜ்குமார் சாப்பிடவில்லை, தூங்கவும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணா, செல்லம்மாளுக்கும் கட்டுவிரியன்தானே கடிச்சிது?"

அவன் பாதியில் திருப்பிக் கொண்டுவந்த மூன்று பேரில் செல்லம்மாள் ஒருத்தி. இரண்டு வருஷத்துக்கு முன்னால். அன்று சாயங்காலமே புதைத்துவிட்டார்கள்.

"இல்லடா. அது வேற பாம்பு."

"நெசமா?"

"நெசமாத்தான்டா."

அதுவும் பொய்தான். நம்பினானா என்று எனக்குத் தெரியாது. எழுந்துபோய்க் குழாயடியில் நின்று வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் நாள் ரேணுகாவின் விரல் அசைந்தது. ஏழாம் நாள் குழாயை எடுத்தார்கள். மறுநாள் எங்களை உள்ளே விட்டார்கள். மாதையனும் மலையிலிருந்து வந்திருந்தார். மகள் காலடியில் உட்கார்ந்து, நான் பாவி, நான் பாவி என்று தலையில் அடித்துக்கொண்டார். அவள் கையை லேசாக நீட்டி அவர் தோளைத் தொட்டாள். குரல் காற்றாக வந்தது.

"அழுவாத நைனா. எல்லாம் எனக்கு கேட்டுகினுதான் இருந்திச்சி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாம் என்றால் எதெல்லாம்? திருப்பு என்றதா? முகம் மூட வேட்டி கேட்டதா? நல்ல நினைவோடு, கண் இமைகூடத் தூக்க முடியாமல், தன் புருஷன் முதுகில் கட்டப்பட்டு அவள் அத்தனையும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அந்த முக்கால் மணி நேரத்தை நினைக்க எனக்குத் தெம்பில்லை.

ராஜ்குமார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரேணுகா அவனையே பார்த்தாள். கோபம் இல்லை அந்த முகத்தில். கோபப்பட்டிருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

"கட்டிகினு வந்த நாள்லேர்ந்து மெதுவா போ, மெதுவா போன்னு உன்கிட்ட கெஞ்சினேன். ஒரு நாளும் கேக்கல" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். "அன்னிக்குதான் மொத தபா மெதுவா ஓட்ன. வேகமா போய்யா, வேகமா போய்யான்னு உள்ளுக்குள்ளயே கத்திகினு வந்தேன்."