பேனாவின் வாலில் ஒரு ரப்பர்

என் மகள் உள்ளே பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். பள்ளி வாசல் வேப்பமரத்தடியில் மற்ற அம்மாக்கள் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். எனக்கு உட்கார முடியவில்லை. கைப்பையைத் திறந்து திறந்து பார்க்கிறேன். எழுதி அழிக்கும் பேனா ஒன்று அதில் கிடக்கிறது. அவள் ஆன்லைனில் ஆசையாக வாங்கியது. காலையில் அவள் டப்பாவிலிருந்து நான்தான் எடுத்துவிட்டேன். "ஒரு பேனாவுக்குப் போயி இவ்வளவு பாடா?" என்று முறைத்தாள். அவளுக்கென்ன, முறைப்பாள்.

நான் பத்தாவது படித்தபோது அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் வேலை. கப்பல்காரர் ஒருவர் கொடுத்ததென்று ஒரு நீலப் பேனா கொண்டுவந்தார். அதன் வாலில் நீல ரப்பர். பேனாவால் எழுதியதை அந்த ரப்பரால் தேய்த்தால் பென்சில் கோடு போல அழிந்துவிடும். வகுப்பே வாங்கிப் பார்த்து வயிறெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சமூக அறிவியல் பரீட்சையன்று அவசரத்தில் அதையே எடுத்துப் போய்விட்டேன். கடைசிப் பக்கத்தில் ஓர் ஆண்டு தப்பாக விழுந்தது. கை பழக்கத்தில் பேனாவைத் திருப்பித் தேய்த்தது. ஆண்டு காணாமல் போனது. அப்போதுதான் உறைத்தது, முதல் வரியிலிருந்து எல்லாமே இந்த மைதான். அதற்குள் மணி அடித்துவிட்டது. தாளை வாங்கிக் கட்டி எடுத்துப் போனார்கள்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. விடைத்தாள் கட்டு எந்த ஊருக்குப் போகும்? வண்டி குலுங்கினால் தாளோடு தாள் உரசுமே, உரசினால்? வீட்டில் ஒரு வரி எழுதுவேன், தேய்ப்பேன், அழியும். உடனே அழுகை. பொறுக்க முடியாமல் அப்பா பேனாவைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"ஏளா, கோட்டி புடிச்ச மாதிரி பண்ணாத. இப்பம் எழுதினது அழியத்தான் செய்யும். ஒருநாள் காஞ்சிட்டுன்னா அப்புறம் எவன் தேச்சாலும் போவாது."

"நெசமாப்பா?"

"கப்பல்காரன் சொன்னாம்லா."

அப்பா சொன்ன தோரணையில் எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதி ரிசல்ட் அன்று வந்தது. நல்ல மார்க். குதித்துக்கொண்டு ஓடி, அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினேன். வாலில் ரப்பர் இல்லை. முழுக்கத் தேய்ந்து போயிருந்தது. பையின் அடியில் கைவிட்டால் நீலத் துருவல்.

"தேச்சுப் பாத்தியளாப்பா?"

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "முந்தின நாள் எழுதினத மறுநாள் தேச்சுப் பாப்பேன். போவல. ஆனாலும் விடிஞ்சா திரும்பச் சந்தேகம் வந்துரும்."

"கப்பல்காரரு சொன்னாருன்னியளே?"

"அவன் பேசினது என்ன பாஷைன்னே எனக்குத் தெரியாதுளா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இன்று கேட்டுக்குள் நுழையும் முன் என் மகள் திரும்பி வந்தாள். முறைப்பெல்லாம் போயிருந்தது. "நல்லா எழுதிருவேன்லாம்மா?" என்று கேட்டாள். "அதெல்லாம் எழுதிருவ" என்றேன், கேள்வித்தாளையே பார்த்துவிட்டு வந்தவள் போல.