மூன்றாவது கியரில் நிற்காத பஸ்

மகாராஜா காலத்து மைசூரில் பஸ் ஓட்டத் தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். பஸ்ஸின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதை நானே சொல்லிக்கொள்வது நன்றாயில்லை என்கிறார்கள் என் வீட்டில். வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

என் படிப்பு ஒன்றரை வகுப்பு. கொள்ளேகால் பக்கத்திலிருந்து உடுத்திய வேட்டியோடு வந்து, பஸ் கழுவி, சக்கரம் கழற்றி, மீசை முழுதாய் முளைப்பதற்குள் ஒரு ஷெட்டுக்கே தலைமை மேஸ்திரி ஆனவன் நான். ஷெட்டின் முதலாளியும் எங்கள் பக்கத்துக்காரர். மூன்று பஸ் வைத்திருந்தார். இரண்டு பஸ் ஒழுங்கு. மைசூருக்கும் குண்டலுபேட்டைக்கும் ஓடிய மூன்றாவதுக்குத்தான் அந்த வியாதி.

மூன்றாவது கியரைப் போட்டு இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், கியர் ராடு 'டக்'கென்று தானாக நடுவுக்கு வந்துவிடும். பிறகு பஸ்ஸுக்குப் பிடிமானமே கிடையாது. கயிறறுத்த கன்றுக்குட்டி போல ஓடும். டிரைவருக்கு இரண்டு கைதான். இரண்டும் ஸ்டியரிங்குக்கே போதவில்லை. அதனால் அவர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். தினமும் குண்டலுபேட்டைக்கு வெண்ணெய் வாங்கப் போகும் கன்னடக்காரப் பயில்வான் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். டிரைவர் "மூணு!" என்று கத்தினால் பயில்வான் ராடை அமுக்கிப் பிடிப்பார். "விடு!" என்றால் விடுவார். இதற்காக அவருக்கு டிக்கெட் இல்லை.

ஒருநாள் பயில்வானுக்குக் குஸ்தி இருந்தது, வரவில்லை. அவர் இடத்தில் நாமம் போட்ட குமாஸ்தா ஒருவர் உட்கார்ந்தார். "மூணு!" என்றதும் கையில் கிரீஸ் படும் என்று குடைக்காம்பை மாட்டி ராடை இழுத்துப் பிடித்தார். காம்பு உடைந்தது. பஸ் ரோட்டை விட்டு இறங்கி ராகிக் காட்டுக்குள் போய் நின்றது. குடையைத் தவிர யாருக்கும் காயமில்லை. ஆனால் பின் சீட்டில் எங்கள் முதலாளி இருந்தார்.

"என்ற பஸ்ஸு ராகி மேயுது, நீ இங்க பீடி குடிச்சுட்டு நிக்கறயா?" என்று ஷெட்டுக்கு வந்து கத்தினார். "வெள்ளிக்கெழமைக்குள்ள கண்டுபுடி. இல்லைன்னா பெங்களூர்ல சர்ட்டிபிகேட் வாங்குன மேஸ்திரியக் கடுதாசி போட்டு வரச்சொல்லிப்போடுவேன். நீ பழையபடி பஸ் களுவலாம்."

"வியாளக்கெழமையே முடிச்சுப்போடறேனுங்க" என்றேன். என் வாய் எப்போதும் எனக்கு ஒருநாள் முன்னால் போகும்.

செவ்வாய்க்கிழமை கியர்ப்பெட்டியைத் திறந்தேன். பல்லெல்லாம் கல்யாணப் பெண்ணுக்கு இருப்பது போல வரிசையாக இருந்தன. கியரை அதன் இடத்தில் நிறுத்திவைக்க உள்ளே ஒரு சின்ன இரும்புக் குண்டும் அதை அழுத்த ஒரு ஸ்பிரிங்கும் உண்டு. இரண்டையும் மாற்றினேன். நழுவியது. புதன்கிழமை இன்ஜின் ஆடுகிறதோ என்று எல்லா போல்ட்டையும் முறுக்கினேன். நழுவியது. டிரைவரின் முழங்கால் இடிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் முழங்காலைச் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டிக் காட்டினார். அப்போதும் நழுவியது.

வியாழன் காலை, ஓடும்போதே ராடின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுவது என்று டிரைவர் காலடியிலிருக்கும் அடிப்பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பஸ்ஸைச் சாமுண்டி மலைக்கு ஏற்றச் சொன்னேன். பயில்வானும் கூட வந்தார். இறக்கத்தில் மூன்றாவது கியர். ராடை யாரும் தொடவில்லை. மலை முழுக்க இறங்கியும் அது அசையவில்லை.

"முடிச்சுட்டேன் பாத்தீங்களா!" என்று குதித்தேன்.

பயில்வான் முகம் விழுந்துவிட்டது. "ஏனப்பா மேஸ்திரி, நாளையிலிருந்து நானு டிக்கெட் வாங்கணுமா?" என்றார்.

பலகையை மாட்டி, முதலாளியை ஏற்றிக்கொண்டு மறுபடி மலைக்குப் போனோம். முதல் இறக்கத்திலேயே 'டக்'. பயில்வான் பாய்ந்து ராடைப் பிடித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நாளைக்கு வெள்ளி" என்றார் முதலாளி.

படித்தவனாக இருந்தால் புத்தகத்தைப் புரட்டியிருப்பான். நான் பஸ்ஸைப் புரட்டாத குறைதான். காலைக்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம்? பலகை. பலகையின் ஓட்டை வழியாகத்தான் ராடு மேலே வருகிறது. குனிந்து பார்த்தேன். ராடைச் சுற்றி ஒரு தலையணை.

தசராவில் ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு வருஷமும் ராடில் மஞ்சள் துணியில் மஞ்சள் கிழங்கை முடிந்து கட்டுவோம். கட்டியதை யாரும் அவிழ்ப்பதில்லை. போன வருஷத்துத் துணியின் மேல் இந்த வருஷத்துத் துணி. பஸ் வாங்கிய நாளிலிருந்து இப்படி. மற்ற இரண்டு பஸ்ஸில் பலகை ஓட்டை பெரிது. இதில் மூன்றாவது கியர் போட்டால் அந்த மூட்டை ஓட்டையின் விளிம்பில் நசுங்கி ராடை நடுவுக்குத் தள்ளும். பல் பாதிதான் கோக்கும். பயில்வான் இத்தனை நாளும் பிடித்திருந்தது கியரை அல்ல, துணி மூட்டையை. நானும் பெட்டியைத் திறந்தபோது அந்த ராடைக் கழற்றி, செருப்புப் படாத இடமாகப் பார்த்து பயபக்தியோடு வைத்தவன்தான்.

"இத்தன முடிச்சு யார்ரா போட்டது?" என்றார் முதலாளி.

டிரைவர் என்னைப் பார்த்தார்.

"நானுங்க" என்றேன். "ஒண்ணாவது அவுந்துருக்குதா பாருங்க."

அறுக்கக் கத்தியை எடுத்தேன். முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமிக்குக் கட்டுனத அறுப்பயா? பஸ்ஸு ராகிக் காட்டோட நின்னுதே, கெணத்துக்குள்ள போகோணுமா?"

ஆகவே வெள்ளிக்கிழமை விடிந்ததும் ரம்பத்தால் பலகையை அறுத்தேன். சாமி மூட்டை தாராளமாக ஆடும்படி, சோற்றுப்பானை அளவுக்கு ஓட்டை. முதலாளி டிரைவருக்குப் பின்னாலேயே உட்கார்ந்து குண்டலுபேட்டை வரைக்கும் வந்தார். எந்த இறக்கத்திலும் கியர் நழுவவில்லை. ஆனால் ரோட்டுப் புழுதி முழுவதும் அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வந்தது. இறங்கும்போது அவருடைய வெள்ளை ஜிப்பா செங்கல் நிறத்தில் இருந்தது. நாலு முறை தும்மிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீயே மேஸ்திரியா இருந்து தொலைடா" என்றார்.

பெங்களூருக்குக் கடிதம் போகவில்லை. அந்த வருஷம் முழுக்க, குண்டலுபேட்டையில் சிவப்பாக இறங்குகிறவர்களைப் பார்த்தாலே எங்கள் பஸ் வந்துவிட்டது என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.