கை நனைத்தவர்கள்

அரக்கு நிறப் பட்டுப்புடவை, மயில்கழுத்துக் கரை. சின்னசேலத்தில் அப்பாவின் பீரோவை எப்போது திறந்தாலும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். கடையில் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை. எனக்கு வாங்கியது இல்லை. ஜெர்மனியில் இருக்கிற ஓர் அம்மாவுக்காக வாங்கி வைத்திருந்தார்.

நான் அங்கே நர்ஸ் வேலையில் சேர்ந்த பிறகு, ஒரு கோடையில் அப்பாவை வரவழைத்தேன். ஜவ்வரிசி மில்லில் மூட்டை தூக்கிய மனிதர், கல்வராயன் மலைச் சாமை அரிசியைப் பையில் கட்டிக்கொண்டு விமானம் ஏறி வந்தார். நான் விரும்பியவரின் அப்பா அம்மாவை ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்தோம். என் அம்மா போனதிலிருந்து எங்கள் வீட்டில் சமையல் அப்பாதான். "இது இன்னா கோழி பாப்பா, பஞ்சாட்டம் இருக்குது" என்று திட்டிக்கொண்டே குழம்பு வைத்தார். வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. அப்பாவுக்குத் தமிழை விட்டால் வேறெதுவும் தெரியாது. "சாப்டுங்க, கூச்சப்படாதீங்க" என்று இவர் சொல்ல, அந்த அம்மா தன் பாஷையில் ஏதோ சொல்லித் தட்டை நீட்டினார். மறுபடியும் நீட்டினார். கரண்டி பிடித்திருந்த அப்பாவின் கண் கலங்கிவிட்டது. குழம்பின் காரம் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள், சம்மதம் சொல்லும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீரோடு சரி. என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் "ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோங்க" என்று எழுந்து போனவர்கள்தான். ஒருவேளை முடிந்துவிட்டால் பசியோடு அனுப்பக்கூடாதே என்று அப்பா ஆக்கி வைத்த சோறு அப்படியே இருக்கும். அதை நாங்கள் இருவரும் உட்கார்ந்து தின்போம்.

அன்று விருந்தாளிகள் கிளம்பியதும் அப்பா ஊரிலிருந்த அத்தைக்குப் போன் போட்டார். "கை நனச்சிட்டாங்கம்மா! ரெண்டு வாட்டி கேட்டு வாங்கித் துன்னாங்க. இனிமே இன்னா, நாள் குறிக்க வேண்டியதுதான்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பா, இங்க யாரு கூப்பிட்டாலும் வந்து சாப்பிடுவாங்கப்பா" என்றேன். "போ பாப்பா, உனக்கு இன்னா தெரியும்" என்று சிரித்தார். ஊர் திரும்பிய கையோடு சம்மந்தியம்மாவுக்கென்று புடவை எடுத்தார்.

மறுவருஷம் நான் விரும்பியவர் என்னை விட்டு விலகிவிட்டார். பெரிய சண்டை எதுவும் இல்லை; அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பினால்தானே! "நம்ம வூட்டுச் சோறு துன்ன ஜனங்கம்மா, கை வுட மாட்டாங்க. நீ இன்னா, கோவமா பேசினியா அந்தப் புள்ளய?" சாகிறவரை இதே பேச்சுதான். புடவையை யாரையும் தொடவிடவில்லை.

அப்பாவின் கருமாதி முடிந்து திரும்பும்போது அதை எடுத்து வந்தேன். போன வாரம் அந்த அம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டினேன். மகனைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்பா போய்விட்டார் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். புடவையை மடியில் விரித்துக் கரையைத் தடவிப் பார்த்தார். "உன் அப்பா எனக்கு எதற்கு வாங்கினார்?" என்று கேட்டார்.

அவர்கள் பாஷை இப்போது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எல்லாவற்றையும் விளக்கியிருக்கலாம்.

"அன்றைக்கு நீங்கள் நன்றாகச் சாப்பிட்டீர்கள்" என்றேன். "அதற்குத்தான்."