நான் தேர்ந்தெடுத்த மூன்று டாம்பர்கள்

மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களை எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. அதைப் பழுது பார்ப்பவர்களையும் பிடித்ததில்லை. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் உட்கார்ந்து பதினெட்டு வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். பெங்களூர் தண்டுப் பகுதியில், அதாவது கண்டோன்மென்டில், ஒரு மோட்டார் ஷெட்டில் ஸ்டோர் கீப்பர் வேலை. எந்த வண்டிக்கு எந்தச் சாமான் பொருந்தும் என்று கம்பெனிப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து வரவழைக்க வேண்டும். அந்த ஷெட்டில் ஆங்கிலம் சரளமாகப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே மற்றவர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்று முடிவு கட்டியிருந்தேன். அந்த முடிவுக்கு வர எனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

முதலாளிக்குப் பூர்வீகம் ஆற்காட்டுப் பக்கம். அவருடைய அப்பா அதே கொட்டகையில் குதிரைகளும் ஜட்காக்களும் வைத்திருந்தாராம். குதிரைகள் போய் மோட்டார் வந்த பிறகும் மகன் மாறவில்லை. எந்த வண்டி உள்ளே வந்தாலும் பானெட்டின் மேல் இரண்டு தட்டுத் தட்டி, "நல்லா ஓடுதா?" என்பார். வண்டியே பதில் சொல்லும் என்று நினைத்தாரோ என்னவோ, ஓட்டி வந்தவன் முகத்தைப் பார்க்கவே மாட்டார்.

எங்களிடம் வந்துகொண்டிருந்த வண்டிகளிலேயே அலங்காரமானது ஒரு பச்சை ஸ்போர்ட்ஸ் கார். ஆறு சிலிண்டர், இரண்டு பேர்தான் உட்காரலாம். பட்டாளத்துக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்துச் செழித்த ஒரு கண்ட்ராக்டரின் மகன் அதற்குச் சொந்தக்காரன். கப்பன் பார்க்கிலிருந்து பிரிகேட் ரோடு வரை போவதற்குத் தோல் கையுறை மாட்டிக்கொள்வான். கண்ணுக்குப் பெரிய கண்ணாடி வேறு. நடந்தே போய்விடக்கூடிய தூரத்துக்கு ஆகாய விமானம் ஓட்டுகிறவன் மாதிரி வேஷம். அவன் தன் வாழ்நாளில் செய்த ஒரே வேலை ஹாரன் அடித்ததுதான் என்று நான் சொல்வதுண்டு. ஸ்டோருக்குள் உட்கார்ந்துகொண்டு, மெதுவாகத்தான் சொல்வேன்.

ஷெட்டின் பெரிய ஃபிட்டர் காக்ஸ் டவுனிலிருந்து சைக்கிளில் வருவார். புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நீளமான திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் வைத்து, மறுமுனையைக் காதில் பொருத்திக் கண்ணை மூடிக்கொள்வார். நான் அவருக்கு 'டாக்டர்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தேன். வயதுக்கு மரியாதை கொடுத்து 'நீங்க' என்று ஒருநாள்கூடப் பேசியதில்லை. என்னுடைய புத்தகங்களில் அட்டை முதல் அட்டை வரை எழுதியிருக்கும் விஷயத்தை இந்த ஆள் திருப்புளி வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதாவது என்ற எரிச்சல்தான் காரணம்.

இரண்டாவது உலகப் போர் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு, ஆடி மாதத்தில் அவர் அந்தப் பச்சைக் காரின் எஞ்சினை முழுக்கப் பிரித்துப் பூட்டினார். இரண்டு மாதம் வண்டி பூப்போல ஓடியது. பிறகு ஆயுத பூஜை வந்தது.

எங்கள் ஷெட்டில் ஆயுத பூஜை தடபுடலாக நடக்கும். வாடிக்கைக்காரர்கள் வண்டிகளை முதல் நாளே கொண்டுவந்து விடுவார்கள். பானெட்டைத் திறந்து, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி அனுப்புவோம். பூஜைக்கு முன்னால் ஷெட்டிலுள்ள எல்லா இரும்புக்கும் எண்ணெய் காட்ட வேண்டும் என்பது முதலாளியின் அப்பா காலத்து வழக்கம். லாடம், கடிவாளம் என்று தொடங்கியது ஸ்பானர், ஜாக் என்று வந்து, பிறகு வண்டிக்குள்ளேயும் நுழைந்துவிட்டது. அந்தப் பொறுப்பு என்னுடையது. மெஷின் எண்ணெய் நாள் பூராவும் கண்ட இடத்தில் ஒழுகுவது, அது பூஜைக்கு ஆகாது என்று நானே தீர்மானித்து, நல்லெண்ணெய் வாங்கி எண்ணெய்க் குடுவையில் நிரப்பிக்கொள்வேன்.

பச்சைக் காரின் முன்பக்கம் குனிந்து பார்த்தேன். எஞ்சினுக்குள் சுற்றும் கிராங்க் தண்டின் மூக்கில் ஒரு கனமான சக்கரம் மாட்டியிருக்கும். புத்தகத்தில் அதற்கு ஹார்மோனிக் பேலன்சர் என்று பெயர், ஷெட்டில் டாம்பர் என்போம். இரண்டு துணித் தகடுகளின் பிடியில் இருக்கும் அந்தச் சக்கரம், தண்டு உதறும்போது கொஞ்சம் நழுவிக்கொடுத்து உதறலைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். தகடுகளின் இடுக்கு எண்ணெய்ப் பசையே இல்லாமல் வறண்டு கிடந்தது. நல்ல நாளும் அதுவுமாக இப்படி விடுவதா என்று குடுவையைக் கவிழ்த்துத் தாராளமாக விட்டேன்.

பக்கத்து வண்டியின் அடியிலிருந்து ஃபிட்டர் தலையை நீட்டினார். "சார், அதுக்கு மட்டும் எண்ணெ வேணாம் சார். அது காஞ்சிதான் இருக்கணும்."

"வருஷத்துல ஒரு நாள் நடக்கிற பூஜை. ஒனக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது? ஒன் வேலயப் பாருப்பா" என்றேன்.

சுற்றி இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். கிறிஸ்தவர் பூஜையில் மூக்கை நுழைக்கிறார் என்று அவர்களுக்கும் பட்டது போலும். அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்துக் கண்ட்ராக்டர் மகன் கையுறையைக் கழற்றாமலே உள்ளே வந்தான். "நாப்பது மைல் வேகம் வந்தா போதும், ஸ்டீயரிங்கே ஒதறுது. பல்லெல்லாம் ஆடுது. என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

முதலாளி பானெட்டைத் தட்டினார். பிறகு ஃபிட்டரைப் பார்த்தார். "நீதானய்யா பிரிச்சுப் பூட்டினே? கிராங்க்கக் கோணலா மாட்டிட்டியா?"

"கிராங்க் நல்லா இருக்கு மொதலாளி. அந்த டாம்பர மட்டும் கழட்டித் தொறந்து பாக்கறேன். பெட்ரோல்ல கழுவிக் காய வெச்சுப் போட்டா சரியாயிடும்."

ஏன் கழுவ வேண்டும் என்று முதலாளி கேட்கவில்லை, ஃபிட்டரும் சொல்லவில்லை. என்னை ஒரு தரம் பார்த்ததோடு சரி. நான் உடனே புத்தகத்தை விரித்தேன். ரிவெட் அடித்து மூடிய சாமானைத் திறக்கக் கூடாது, பழுதானால் மாற்றத்தான் வேண்டும் என்று கம்பெனியே சொல்கிறது என்றேன். புத்தகத்தில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. அவர் சொல்லி ஒன்று நடக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு. சாமானை மாற்றியும் உதறினால் ஃபிட்டர் வேலையை விட்டுப் போகவேண்டும் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். நல்ல டாம்பராகத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டேன்.

கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். கப்பலில் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். கண்ட்ராக்டர் மகனுக்கு அதுவரை பொறுமை கிடையாது. ஆகவே முதல் டாம்பரைத் தேடிக்கொண்டு பிளாக்பள்ளியின் பழைய இரும்புக் கடைகளுக்குப் போனேன். அங்கே ஒருவர் எதையெடுத்தாலும் சட்டைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் பேசுவார். "அஸல் விலாயத்தி மால் சாப், சீமைச் சரக்கு. தொரை வண்டியில இருந்து கழட்டினது" என்று ஒரு சக்கரத்தைக் கையில் கொடுத்தார். அளவெடுத்துப் பார்த்தேன். துவாரம் கச்சிதமாகப் பொருந்தியது. அது எந்த எஞ்சினின் உதறலுக்காகச் செய்தது என்று நான் கேட்கவும் இல்லை, அவருக்குத் தெரியவும் தெரியாது. மாட்டி ஓட்டியபோது நாற்பது மைலில் வந்த உதறல் இப்போது முப்பதிலேயே வந்துவிட்டது. அது லாரியில் இருந்தது என்று ஃபிட்டர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார். ஒரு சாமானின் ஜாதகத்தைப் பார்வையிலேயே சொல்கிறாராம் என்று கேலி பண்ணினேன்.

இரண்டாவதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. பழைய டாம்பரைத் தராசில் போட்டேன். அதே எடை, அதே விட்டம் வருமாறு பித்தளையில் ஒரே வார்ப்பாகச் செய்யச் சொல்லி ஒரு பட்டறையில் கொடுத்தேன். எடையும் அளவும் சரியாக இருந்தால் வேறென்ன வேண்டும் என்பது என் படிப்பு. பட்டறைக்காரர் கன்னடமும் தமிழும் கலந்து, "ஒள்ளே, நல்ல பித்தளை சார், நூறு வர்ஷம் ஒழைக்கும்" என்று சத்தியம் பண்ணினார். கண்ட்ராக்டர் மகன் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான். பளபளவென்று இருந்ததில் தன் முகத்தைப் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டான். பானெட்டுக்கு அடியில் யாரும் பார்க்காத இடத்துக்கு இவ்வளவு அழகான சாமான் போவது அவனுக்கு ஒரே வருத்தம்.

ஃபிட்டர் அதைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தார். "உள்ள கொஞ்சம் நழுவணும் சார். நழுவாட்டி இது பெல்ட் மாட்டற வெறும் புல்லி. கட்டிப் போட்ட கல்லு மாதிரி, தண்டோடவே சுத்தும்."

"எடை சரியா இருக்கு. மாட்டு" என்றேன்.

அன்று மாலை முதலாளியும் கண்ட்ராக்டர் மகனும் அல்சூர் ஏரிப் பக்கம் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். திரும்பி வரும்போது வண்டியை நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உதறிய உதறலில் ஃபேன் பெல்ட் அறுந்து, ரேடியேட்டர் குழாய் பிய்ந்து, முதலாளியின் வேட்டியெல்லாம் வெந்நீர். அவர் வண்டியை விட்டு இறங்கியதும் ஃபிட்டரிடம்தான் போனார். "ரெண்டு சாமான் மாத்தியாச்சு. இன்னும் என்னய்யா? கிராங்க்கக் கெடுத்துட்டே. நாளைலருந்து வராதே." டாம்பரைத் தேர்ந்தெடுத்தவன் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஃபிட்டர் கையைக் கழுவிக்கொண்டு, தன்னுடைய திருப்புளியை மட்டும் காகிதத்தில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். வாசலைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒழிந்தது என்றுதான் தோன்றியது, பொய் சொல்வானேன்.

டிசம்பர் மாதம் அசல் டாம்பர் பெட்டியில் வந்து சேர்ந்தது. வைக்கோலுக்கு நடுவில் ஒரு சிவப்புக் காகிதம் இருந்தது. நான்கே வரி. துணித் தகடுகளின் மேல் எண்ணெயோ கிரீஸோ எக்காரணம் கொண்டும் படக்கூடாது, பட்டால் இந்தச் சாதனம் வேலை செய்யாது என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. ஷெட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இரண்டு தரம் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

புது டாம்பர் ஏறியதும் வண்டி முன்போலவே பூவாக ஓடியது. கிராங்க்கில் ஒரு கோணலும் இல்லை என்பது அதிலேயே தெரிந்துபோயிற்று, ஆனால் அது யாருக்கும் உறைக்கவில்லை. முதலாளி என் முதுகைத் தட்டினார், பானெட்டைத் தட்டுகிற அதே தட்டு. எல்லோரும் போன பிறகு பழைய டாம்பரை உளி வைத்துத் திறந்தேன். தகடுகள் ஊறிப்போய் இருந்தன. குப்பென்று நல்லெண்ணெய் வாசனை அடித்தது. அந்த ஷெட்டில் நல்லெண்ணெய் தொடுகிறவன் நான் மட்டும்தான். பெட்ரோலில் கழுவிக் காயவைத்துப் பார்த்தேன், புதிதுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காக்ஸ் டவுனுக்குப் போனேன். சர்ச்சுக்குப் போட்டுப் போன வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், ஃபிட்டர் வாசல் வராந்தாவில் யாருடைய தையல் மெஷினையோ பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே காகித நட்சத்திரம் ஒன்று தொங்கியது. கிராங்க்கைக் கெடுத்தவர் என்ற பேர் கண்டோன்மென்ட் முழுக்கப் பரவிவிட்டதால் எந்த ஷெட்டிலும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவருடைய சம்சாரம் காபி கொண்டுவந்து வைத்தார்கள். நான் சிவப்புக் காகிதத்தை எடுத்து நீட்டினேன். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

"எண்ணெ படக்கூடாதுன்னு போட்டிருக்கு" என்றேன்.

"அது தெரியும் சார்."

"அன்னைக்கே மொதலாளிகிட்ட ஏன் சொல்லல நீங்க?" முதல் தடவையாக 'நீங்க' என்றேன்.

"என்னான்னு சார் சொல்றது? பூஜ பண்ணதாலதான் வண்டி கெட்டுச்சுன்னு நான் சொன்னா நல்லாவா இருக்கும்? அதும் நான் சொன்னா?" தையல் மெஷினின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டார்.

நாளைக்கே முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லும்போது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. ஓடாது என்று தெரிந்த எஞ்சினை அவர் அப்படிப் பார்த்து நான் கண்டிருக்கிறேன்.

"வேணாம் சார். ஒங்க வேல போயிடும். எனக்குக் கை இருக்கு, இங்க இல்லாட்டி கோலார் தங்கச் சொரங்கத்துல பொழச்சுக்குவேன். ஒங்களுக்கு வேற ஒண்ணும் தெரியாதே, பாவம். காபி ஆறுது, குடிங்க."

குடித்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை. பொங்கலுக்கு முன்பே ஃபிட்டர் குடும்பத்தோடு கோலாருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அடுத்த வருஷ ஆயுத பூஜைக்கும் எண்ணெய்க் குடுவை என் கையில்தான் இருந்தது. பச்சைக் கார் முன்னால் குனிந்தவன் டாம்பரை மட்டும் விட்டுவிட்டேன். முதலாளி ஏன் என்று கேட்டார். அது காய்ந்துதான் இருக்க வேண்டும், கம்பெனிக் காகிதத்தில் போட்டிருக்கிறது என்றேன். "பாத்தீங்களா, படிச்ச மனுஷன் படிச்ச மனுஷன்தான்" என்று அவர் பக்கத்திலிருந்த கண்ட்ராக்டர் மகனிடம் சொன்னார். நான் ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனேன்.